ஜமீன் போல்டு

பதினாலு கிழவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். பதினாலு பேருக்கும் அதே கடைவாய்ப் பல், அதே கோணத்தில் உடைந்திருக்கிறது.

"இப்பிடி எங்கயாவது பாத்திருக்கியா சார்லஸு?"

"ஒரே பல் டாக்டர் இருக்கிற ஊர்ல பாக்கலாம் மேடம்."

அறிவுமதி செல்போனை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். சிதம்பரம் மேலவீதியில் ஒரு டீக்கடை வாசல். கையில் இருந்த வடையைக் கீழே வைக்க மனமில்லாமல், சார்லஸ் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தான். திரையில் ஒரு கருங்கல் பலகையின் போட்டோ. ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் போட்டோ.

'இம்மனையும் மடமும் ராமாமிர்தம் அவர்கள் மனமுவந்து அளித்த தர்மம். என்றும் அவர் மரபினருக்கே பாத்தியம். 1951.'

"கல்லப் படிக்காத. எழுத்தப் பாரு. இதுல எத்தனை 'ம' இருக்கு?"

சார்லஸ் எண்ணினான். "'மு'வ விட்டுட்டா பதினாலு."

"ஒவ்வொரு 'ம'வோட எடது காலையும் பெருசாக்கிப் பாரு."

பார்த்தான். முதல் 'ம'வின் இடது காலில், அடியிலிருந்து சற்று மேலே, எலி கடித்த மாதிரி ஒரு பொக்கை. இரண்டாவதிலும் அதே பொக்கை. கடைசி 'ம' வரைக்கும் ஒரே எலி, ஒரே கடி.

"மழையும் வெயிலும் எழுபது வருஷமா இந்தக் கல்ல அரிச்சிருக்குன்னு சொல்றாங்க. மழை இவ்ளோ ஒழுங்கா வேல செய்யுமா?" என்றாள் அறிவுமதி.

சார்லஸ் வடையை வாயில் போட்டுக்கொண்டு எதிர்ச் சாரியைக் காட்டினான். அங்கே போன தை மாதம் திறந்த ஒரு மெஸ். பெயர்ப்பலகையில் 'பரம்பரைக் கொத்சுக் கடை' என்று தடித் தடியாக எழுத்து. தொப்பை பெருத்து, இடுப்பு மட்டும் நூலாகச் சிறுத்து, நுனிக்கு நுனி கட்டை வைத்த எழுத்து. ஒவ்வொன்றும் நாற்காலியில் சாய்ந்து மீசை முறுக்குகிற மாதிரி இருந்தது. அதிலும் 'ம'வின் இடது காலில் அதே பொக்கை.

"ஜமீன் போல்டு," என்றான் சார்லஸ்.

"எவன் அவன்?"

"அவன் இல்ல மேடம், அது. எழுத்தோட பேரு. நான் ஃப்ளெக்ஸ் கடையில இருந்தப்ப தினம் இதோடதான் குடும்பம் நடத்தினேன். ரெண்டு தினுசு வரும். ஒண்ணு சுத்தமானது. இன்னொண்ணு 'ரஃப்'. அது பொறக்கும்போதே அடிபட்டுப் பொறந்தது. பழசு மாதிரி இருக்கணும்னு கம்ப்யூட்டர்லயே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு காயம் பண்ணி வச்சிருப்பாங்க. 'ம'வுக்கு ஒரு காயம், 'க'வுக்கு ஒரு காயம். எத்தினி தடவ அடிச்சாலும் அதே காயந்தான்."

"அப்போ அந்தக் காயத்தையும் சேத்துக் கல்லுல வெட்டியிருக்கான்."

"வெட்டினவன் மேல தப்பில்ல மேடம். டிசைன்ல இருந்தத வெட்டினான். விசுவாசமான ஆளு."

அறிவுமதிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குச் சாதாரணமாகவே சிரிப்பு வராது. கடலூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் 'மதி துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டி, சார்லஸை உதவிக்கு வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. வருகிற கேஸில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்கிற கேஸ். குடிப்பார். அதைக் கண்டுபிடிக்க அவ்வளவு மூளை தேவைப்படாது. இந்தக் கேஸ் அப்படி இல்லை. இது அவள் படித்த இடம்.

ஊருக்கு ஒதுக்குப்புறக் காலனியில் இருக்கிறது அந்தப் படிப்பு மடம். ஓடு வேய்ந்த ஒரே ஒரு நீளக் கூடம். சேத்தியாத்தோப்பிலிருந்து காலேஜுக்கு வந்துபோன அறிவுமதி, கடைசி பஸ் வரைக்கும் அங்கேதான் படித்தாள். அவள் வீட்டில் கரும்பு வெட்டப் போகாத முதல் ஆள் அவள். அவள் பட்டத்தில் பாதி அந்த மடத்து டியூப்லைட்டுக்குச் சொந்தம். இப்போதும் நாற்பது பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்.

போன மழையில் மடத்தின் முகப்புச் சுவர் சரிந்தது. ஊர்ப் பெரிய மனிதர் மணவாளன் தானாக முன்வந்து கட்டித் தருகிறேன் என்றார். அவர் தானாக முன்வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இடிபாட்டை லாரியில் அள்ளிப் போனார். சுவரைக் கட்டினார். நடுவில் ஒரு கல் பதிக்கிற அளவுக்குப் பள்ளம் விட்டார். அங்கே முன்பு ஒரு கல் இருந்தது உண்மைதான். ஆனால் வருடா வருடம் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு ஏடு ஏடாக மூடி, அதில் என்ன எழுதியிருந்தது என்று உயிரோடு இருக்கிற யாருக்கும் தெரியாது. பிறகு ஒரு நாள், "இடிபாட்டில் கிடைத்தது" என்று மணவாளன் ஒரு கல்லைக் கொண்டுவந்தார். அவருடைய தாத்தா ராமாமிர்தத்தின் பெயர் போட்ட கல்.

"அறிவு!"

டீக்கடைக்கு மூச்சிரைக்க வந்தவள் லோகநாயகி. இந்த மடத்தில் படித்துப் பரீட்சை எழுதித் தாலுக்கா ஆபீஸில் வேலை வாங்கியவள். மாலையில் மடத்தைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான். அறிவுமதியைக் கூப்பிட்டு இந்தக் கேஸைக் கொடுத்தவளும் அவள்தான்.

அறிவுமதி பதினாலு பொக்கையையும் காட்டினாள். லோகநாயகி பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சரி, அது பொய்க் கல்லு. நம்ம கல்லு எங்க?"

அறிவுமதி செல்போனை இறக்கினாள்.

"இன்னைக்கு நாலு மணிக்குத் தெறப்பு விழா. வருவாய்த்துறை ஆபீசர் வர்றாரு. எடத்துக்கு எங்ககிட்டயும் பேப்பர் இல்ல, அவருகிட்டயும் பேப்பர் இல்ல. கல்லுல என்னா இருக்கோ அத வச்சித்தான் எழுதுவேன்னு ஆபீசர் சொல்லிட்டாரு. அது பொய்யின்னு நீ நிரூபிச்சாலும் எங்க கையில என்னா இருக்கு? கல்யாண மண்டபம் கட்டப் போறாராம். புள்ளைங்க புஸ்தகத்தத் தூக்கிக்கினு எங்க போவும்?"

அறிவுமதி ஹெல்மெட்டை மாட்டினாள். "சார்லஸு, வண்டிய எடு."

"எங்க மேடம்?"

"ஜமீனப் பெத்தவன் வீட்டுக்கு."

*

ஜமீன் போல்டைப் பெற்றவன் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தான். பெயர் இளவரசு. ஃப்ளெக்ஸ், ஸ்டிக்கர், பெயர்ப்பலகை எல்லாம் செய்யும் கடை. சார்லஸின் பழைய முதலாளி. சார்லஸைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"நீ இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"உங்க ஆசிர்வாதம் இல்லாமலே இருக்கேன் மச்சான்."

அறிவுமதி சுவரைப் பார்த்தாள். மாதிரிகள் ஒட்டியிருந்தன. ஒரே எழுத்து, எல்லா வேடத்திலும். நாட்டுச் சர்க்கரைப் பாக்கெட்டில் ஜமீன் போல்டு. காதணி விழா பேனரில் தாய்மாமன் பெயர் ஜமீன் போல்டு. பிரியாணிக் கடை, மூட்டுவலித் தைலம், வட்டச் செயலாளர் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி எல்லாமே ஜமீன் போல்டு.

"செத்தவருக்கும் இதானா?"

"மரியாதையா இருக்கும் சிஸ்டர்," என்றான் இளவரசு. அவன் குரலில் பெருமை பொங்கியது. "நானே வரைஞ்சது. பழைய காலத்து அச்சு எழுத்து மாதிரி. இத ஒரு தடவ போட்டுட்டா நேத்து தெறந்த கடைக்கும் ஒரு தாத்தா கெடச்சிடுவாரு. கொத்சுக் கடைக்காரர் வந்து, 'தம்பி, எனக்குப் பரம்பரை வேணும்'னாரு. அரை மணி நேரத்துல குடுத்தேன். 'லை'க்கு, 'னை'க்குப் அந்தக் காலத்துத் தும்பிக்கைக் கொம்புகூட வச்சிருக்கேன், பாத்தீங்களா?"

"பாத்தேன். கல்லுல வெட்டறதுக்கும் ஆர்டர் வருமா?"

அவன் கண் சற்று இடுங்கியது. "அதெல்லாம் இல்ல. நாங்க ஃப்ளெக்ஸ்தான்."

பொய். நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை கேஸ்களில் பழகிய காது அது. சார்லஸ் மிரட்டலாமா என்று கண்ணால் கேட்டான். அறிவுமதி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"நானும் அதான் சார்லஸுகிட்ட சொன்னேன். இந்த எழுத்து ஃப்ளெக்ஸோட சரி. இந்த நூல் இடுப்பெல்லாம் கருங்கல்லுல நிக்காது. ஒடஞ்சிடும். வரைஞ்சவருக்குக் கல்லப் பத்தித் தெரியாது, பாவம்."

"யார் சொன்னது?" இளவரசு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். "கல்லப் பத்தித் தெரியாதா? இடுப்ப எவ்ளோ தடிப்பா விடணும்னு கணக்குப் போட்டு வரைஞ்சிருக்கேன்! போன மாசங்கூடக் கல்லுக்கு ஸ்டிக்கர் வெட்டிக் குடுத்தேன். அத ஒட்டி மெஷின்ல மணல் அடிச்சி எழுத்தக் குழிச்சாங்க. ஒரு இடுப்பு ஒடயல. வேணும்னா புதுச்சத்திரம் சுப்பராயலு பட்டறையில போய்க் கேட்டுப்..."

அவன் வாயை மூடினான். ஆனால் மூட வேண்டிய நேரம் தாண்டிப் போயிருந்தது.

"ரொம்ப நன்றி," என்றாள் அறிவுமதி. "நெசமாவே நல்ல எழுத்து. கொஞ்சம் தலைக்கனம் ஜாஸ்தி. வரைஞ்சவர் மாதிரியே."

வாசலில் வந்து வண்டியைக் கிளப்பும்போது சார்லஸ் சொன்னான்: "ஒரு விஷயத்துல மச்சானுக்கு நன்றி சொல்லணும் மேடம். எங்க வீட்டுக் கொட்டாய்க்கு மேல அவர் அடிச்ச ஃப்ளெக்ஸுதான் போட்டிருக்கோம். ஒரு துளி ஒழுகாது. என்னா, வட்டச் செயலாளரு குப்புறப் படுத்து எங்களையே பாத்துக்கினு இருப்பாரு. அம்மாவுக்குத்தான் சேலை மாத்தக் கூச்சம்."

"எங்க வீட்டுல ஒரு எம்.பி.," என்றாள் அறிவுமதி. "அவரு மூஞ்சிக்கு அடியிலதான் பன்னண்டாவது படிச்சேன். மூணு வருஷம் வணக்கம் போட்டுக்கினே இருந்தாரு."

*

புதுச்சத்திரத்தில் ரோட்டை ஒட்டி இருந்தது சுப்பராயலு பட்டறை. வெள்ளைத் தூசி. அம்மி, ஆட்டுக்கல், கல்லறைப் பலகைகள், திறப்புவிழாப் பலகைகள். சாகிறவருக்கும் திறக்கிறவருக்கும் ஒரே கல், ஒரே தூசி. சுப்பராயலு ஒரு கல் மேசையில் முழங்கையை ஊன்றி டீ குடித்துக்கொண்டிருந்தார். மணவாளன் பெயரைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"யம்மா, நான் கூலிக்கு வெட்டறவன். ஸ்டிக்கர் வந்துது, வெட்டினேன்."

"வெட்டினதப் பத்திக் கேக்கல. அந்தச் செவுத்துல முன்ன ஒரு கல்லு இருந்துது. அது எங்க?"

"எனக்கு என்னா தெரியும்?"

"இடிபாட்ட அள்ளின லாரி இங்கதான வந்துது?"

இது அவள் சும்மா எறிந்தது. விழுந்துவிட்டது. சுப்பராயலு துண்டால் முகத்தைத் துடைத்தார். முகத்தில் தூசிதான் கூடியது.

"இங்க பாரும்மா. ஒரு கல்லு வந்துது. ஒரு கல்லு போச்சு. அவ்ளோதான் எனக்குத் தெரியும். பட்டறை பூரா தேடிக்க. உங்க கல்லு இங்க இருந்தா என் பேர மாத்திக்கறேன்."

அறிவுமதி தேடினாள். கல் குவியலுக்குப் பின்னால், தகரக் கொட்டகைக்குள், உடைசல் மேட்டில் எல்லாம் பார்த்தாள். சுண்ணாம்பு ஏடு படிந்த ஒரு துண்டுகூட இல்லை. ஜல்லியாக்கி ரோட்டில் கொட்டியிருப்பார்கள். இவள் வண்டியில் வந்த அதே ரோட்டில்.

அவள் திரும்பி வந்தபோது சார்லஸ் கீழே விழுந்த வண்டிச் சாவியை எடுக்கக் குனிந்தவன், குனிந்த வாக்கிலேயே நின்றான்.

"ஐயா, உங்க டேபிளுக்கு அடியில ஒருத்தரு இளைப்பாறிக்கினு இருக்காரு."

"இன்னா?"

"'சவரியம்மாள் இங்கே கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார்'னு போட்டிருக்கு. இவுங்க தலைமேல வச்சா டீ குடிக்கிறீங்க?"

"அடப் போப்பா. தேதிய மாத்தி வெட்டிட்டோம், வாங்க மாட்டேன்னுட்டாங்க. அந்த எழுத்தத் தேய்ச்சி எடுக்கணும்னா பிளேடு என்னா வெலை தெரியுமா? கருங்கல்லு! பிளேடுதான் தேயும், கல்லு தேயாது. எவன் மெனக்கெடுவான்? டேபிளாக்கிட்டேன்."

சார்லஸ் சிரித்தான். அறிவுமதி சிரிக்கவில்லை. மேசையைப் பார்த்தாள். சுப்பராயலுவைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

வண்டி பி.முட்லூர் தாண்டியது. சார்லஸ் கண்ணாடியில் பார்த்தான். அழுகிறாளோ என்று பயமாக இருந்தது.

"விடுங்க மேடம். பொய்யின்னாவது சொல்லிடலாம்."

"சார்லஸு."

"மேடம்?"

"ஒரு கல்லு வந்துது. ஒரு கல்லு போச்சு." அவள் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "மடையா, வேகமா ஓட்டு! சிமெண்ட் குழைக்கறதுக்குள்ள போவணும்!"

*

மடத்து வாசலில் வாழை மரம் கட்டி, சீரியல் லைட் போட்டு, மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. எல்லாம் மணவாளன் செலவு. வளைவில் அவருடைய இருபதடி ஃப்ளெக்ஸ். எழுத்து என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

மேடையில் ஒரு மேசை. மேசைமேல் பட்டுத்துணி போர்த்தி, மாலை போட்டு, சாய்த்து வைத்த கல். பக்கத்தில் கொத்தனார் சாமிக்கண்ணு கலவை குழைத்துத் தயாராக நின்றார். வருவாய்த்துறை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தரையில் நாற்பது பிள்ளைகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இது அவர்கள் இடம் இல்லை என்று சொல்லப் போகிற விழாவுக்குக் கூட்டம் சேர்க்க அவர்களையே உட்கார வைத்திருந்தார்கள்.

மணவாளன் துணியை உருவினார். கைத்தட்டல். கைத்தட்டல் ஓய்வதற்குள் அறிவுமதி மேடை ஏறிவிட்டாள்.

"சார், ஒரு நிமிஷம் மைக்."

"ஐயா" என்று கூப்பிடாமல் "சார்" என்றது மணவாளனுக்கு முதலில் பட்டது. ஆனாலும் சிரித்தார். ஊர் பார்க்கிறது.

"யாரு பாப்பா நீ? என்னா படிச்சிருக்க?"

"பி.ஏ. வரலாறு. இந்த மடத்துல."

"பேஷ். எங்க தாத்தா மடத்துல படிச்ச புள்ள. பேசட்டும், குடுங்கப்பா."

அறிவுமதி பேசினாள். பதினாலு 'ம'வையும், பதினாலு பொக்கையையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். கீழே இருந்த பிள்ளைகள் எழுந்து வந்து பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது கம்ப்யூட்டர் எழுத்து சார். போன மாசம் வெட்டினது."

கூட்டம் மணவாளன் முகத்தைப் பார்த்தது. அந்த முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. மைக்கை நிதானமாக வாங்கினார்.

"கரெக்ட். புள்ள சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட்."

சார்லஸுக்கு வாய் பிளந்தது.

"போன மாசந்தான் வெட்டினோம். இடிபாட்டுல கெடச்ச பழைய கல்லு எடுக்க எடுக்கப் பொடிப்பொடியா உதுந்து போச்சு. ஆனா அதுல இருந்த வாசகத்த ஒரு எழுத்து விடாம நான் படிச்சி வச்சிருந்தேன். அதையே புதுக் கல்லுல வெட்டச் சொன்னேன். பழைய மாதிரியே இருக்கட்டும்னு பழைய எழுத்து போடச் சொன்னேன். எழுத்து புதுசு, சேதி பழசு. இதுல என்னா தப்பு இருக்கு சார்?"

அதிகாரி யோசித்தார். "தப்பு இல்ல," என்றார் மெதுவாக. "பல எடத்துல அப்படிச் செய்வாங்க."

கீழே லோகநாயகி தலையில் கை வைத்தாள். காலையிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓடிச் சேர்த்த சாட்சியை, அந்த மனிதர் இரண்டே வாக்கியத்தில் பாக்குப் போட்ட மாதிரி மென்று துப்பிவிட்டார்.

"அப்போ பழைய கல்லு பொடியாயிடுச்சு," என்றாள் அறிவுமதி.

"பொடி."

"இது வேற கல்லு. புத்தம் புதுக் கல்லு."

"அதான் சொன்னேனே."

"ஆபீசர் முன்னாடி, மைக்குல சொல்றீங்க."

"எத்தினி தடவ சொல்லணும் பாப்பா?"

"அப்போ இந்தப் புதுக் கல்லோட பின்பக்கத்த ஒரு தடவ பாத்துக்கலாமா?"

மணவாளன் வாய்விட்டுச் சிரித்தார். பின்பக்கத்தில் என்ன இருக்கும்? பழைய எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு அதே பக்கம் புதிதாக வெட்டு என்று அவரே நின்று சொல்லிவிட்டு வந்தவர். தேய்க்கிற கூலியைத் தனியாகவும் கொடுத்தவர். அந்தக் கூலி பிளேடுக்குப் போகாமல் சுப்பராயலுவின் மடியிலேயே தங்கிவிட்டது மட்டும் அவருக்குத் தெரியாது.

"ஆசை தீரப் பாரு. எங்களுக்கு என்னா பயம்? திருப்புங்கப்பா."

நாலு பிள்ளைகள் ஏறி, மாலையைக் கழற்றிவிட்டு, கல்லைப் புரட்டினார்கள். பின்பக்கம் பூராவும் சாம்பல் நிறத்தில் மெல்லிசாகச் சிமெண்ட் பூச்சு.

"பாத்தியா? ஒண்ணும் இல்ல. புடிப்புக்காகப் பூசியிருக்கான்," என்றார் மணவாளன்.

"புடிப்புக்குப் பதிக்கும்போதுதாங்க பூசுவோம்," என்றார் சாமிக்கண்ணு, யாரும் கேட்காமலே. "காஞ்ச சிமெண்ட்ல என்னா புடிக்கும்?"

அறிவுமதி அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கி, ஓரத்தில் வைத்து நெம்பினாள். உடைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பூச்சு அப்பளம் மாதிரி பெயர்ந்து விழுந்தது. அதற்கு அடியில் வெள்ளை. சுண்ணாம்பு. ஒரு ஏடு, அதற்கடியில் இன்னொரு ஏடு, அதற்கடியில் நீலம் கலந்த ஒரு ஏடு. எத்தனையோ பொங்கல்.

"புதுக் கல்லுக்கு எப்ப சார் வெள்ளையடிச்சீங்க?"

மைக் மணவாளன் கையிலேயே இருந்தது. அது அவர் மூச்சை மட்டும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் காம்பஸ் முள்ளாலும் ஸ்கேலாலும் சுரண்டினார்கள். லோகநாயகி சேலைத் தலைப்பை நனைத்துத் துடைத்தாள். எழுத்து வந்தது. உளியால் வெட்டிய எழுத்து. வரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வெட்டினவன் இடம் போதாமல் கடைசி எழுத்துகளை நெருக்கியிருந்தான். லோகநாயகி சத்தமாகப் படித்தாள். பாதியில் அவள் குரல் உடைந்தது. மீதியை ஒரு பிள்ளை படித்தது.

'இம்மடம் நாம் எல்லாரும் அறுப்புக் கூலியை விட்டுக் கட்டியது. படிக்க வரும் எவருக்கும் சொந்தம். தனியே எவருக்கும் இல்லை. 1949.'

யாருடைய பெயரும் இல்லை. மணவாளன் தேடித் தேடிப் பார்த்தார். ஒரு பெயர்கூட இல்லை.

"உங்க தாத்தா மனமுவந்து தர்மம் பண்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, அவரு வயல்ல அறுத்த கூலிய விட்டு இந்தக் காலனிக்காரங்களே கட்டி முடிச்சிட்டாங்க சார்," என்றாள் அறிவுமதி. "சேதி பழசுன்னு சொன்னீங்க. கரெக்ட். நீங்க படிச்ச பக்கந்தான் வேற."

சார்லஸ் கல்லின் மேல் கவிழ்ந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தான்.

"என்னாடா?"

"'ம' மேடம். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. ஒருத்தன் நொண்டறான், ஒருத்தன் நிமிந்து நிக்கறான், ஒருத்தனுக்கு வயித்த வலி. இதுங்கதான் மேடம் நெசமான கிழவனுங்க."

அதிகாரி இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்தார். மைக்கில் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். மணவாளனிடம் கையெழுத்து கேட்டபோது, அவர் பேனா கொண்டுவரவில்லை என்றார். நாற்பது பேனாக்கள் நீண்டன.

கடைசியில் எல்லோரையும் விலக்கிக்கொண்டு சாமிக்கண்ணு முன்னால் வந்தார். அவருக்கு அவர் கவலை.

"கலவை எறுகிக்கினு இருக்கும்மா. கல்லப் பதிக்கணுமா, வேணாமா?"

லோகநாயகி அதிகாரியைப் பார்த்தாள். பதிவு முடிந்தது, உங்கள் கல், உங்கள் சுவர் என்பது போல் அவர் கையை விரித்தார்.

"பதிங்க," என்றாள்.

பிள்ளைகள் கல்லைத் தூக்கிச் சுவர்ப் பள்ளத்துக்கு நேராகப் பிடித்தார்கள். சாய்ந்த வரி வெளியே பார்த்தது. சாமிக்கண்ணு கை நிறையக் கலவையை அள்ளி, ராமாமிர்தம் அவர்களின் தடித்த தொப்பை எழுத்துகள்மேல் ஒவ்வொன்றாக அப்பினார். கலவையும் மணவாளன் செலவுதான்.

"மேடம், இவ்ளோ அழகான எழுத்த இப்பிடி உள்ள வச்சுப் பூசறாங்களே," என்றான் சார்லஸ். அவனுக்கு உண்மையிலேயே கொஞ்சம் வருத்தம்.

"இருக்கட்டும்," என்றாள் அறிவுமதி. "பழசாவணும்னு ஆசப்பட்டுது இல்ல? உள்ள கெடந்து ஒரு எழுபது வருஷம் நெசமாவே பழசாவட்டும்."